ஏர்பேக் திறக்கலை, ஆனா கதவுத் தூண்லேருந்து பட்டாசு வாசனை. சீட் பெல்ட்டை மாத்தியே ஆகணுமா?

காவிரிக்கரையான்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

மூணு வாரத்துக்கு முன்னாடி தாம்பரத்துல தங்கச்சி வளைகாப்பு. திருச்சியிலேருந்து விடியக்காலை ரெண்டரைக்குக் கிளம்பினோம். நான் ஓட்டினேன். பக்கத்துல அம்மா, வயசு 64. அம்மாவுக்கு நேர் பின்னாடி என் மனைவி. ஆறு வயசுப் பையன் பின் சீட்டுல படுத்துத் தூங்கிட்டு வந்தான்.

உளுந்தூர்பேட்டை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னாடி கரும்பு ஏத்தின டிராக்டர். பெட்டிக்குப் பின்னாடி லைட் இல்லை, சிவப்பு ஸ்டிக்கர் இல்லை, ஒண்ணும் இல்லை. கரும்பு மட்டும் ரெண்டு முழம் வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. எண்பதுல வந்தேன். பிரேக்கை அழுத்தி அழுத்தி, இடிக்கிறப்ப நாற்பத்தஞ்சு இருந்திருக்கும். டிராக்டர் பதினஞ்சுல போயிருக்கும்.

ஏர்பேக் ரெண்டுமே திறக்கலை. ஆனா ரெண்டு பக்கத்துலயும் ஒரே நேரத்துல "டப்"புனு சத்தம். கதவுத் தூணோட அடியிலேருந்து மெலிசாப் புகை. தீபாவளி மறுநாள் காலையில தெரு எப்படி மணக்கும், அதே வாசனை. அம்மா "வண்டி பத்திக்கிச்சு, இறங்குங்கடா"ன்னு கத்த ஆரம்பிச்சுட்டாங்க. ஒண்ணும் பத்தலை.

எனக்குத் தோள் வலி மட்டும்தான். மனைவிக்கு ரெண்டு முழங்காலும் வீங்கிப்போச்சு. பையன் உருண்டு கால் வைக்கிற இடத்துல விழுந்தான், உதடு கிழிஞ்சுது. அம்மாவுக்குத்தான் ரெண்டு விலா எலும்புல விரிசல். இடது தோள்லேருந்து வலது இடுப்பு வரைக்கும், பூணூல் போட்ட மாதிரி, கருநீலமா ஒரு பட்டை. டேஷ்போர்டுல எங்கயும் இடிக்கலை.

இப்ப என் பிரச்சினை ரெண்டு. சர்வீஸ் சென்டர்ல முன் பெல்ட் ரெண்டையும் மாத்தணும், அதோட இடியை உணர்ந்து ஏர்பேக்கையும் பெல்ட்டையும் இயக்குற கன்ட்ரோல் யூனிட்டும் மாத்தணும்னு முப்பத்தெட்டாயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டுட்டாங்க. இன்ஷூரன்ஸ் சர்வேயர் "பெல்ட் அறுந்து போகலையே, எதுக்கு மாத்தணும்?"ங்கிறாரு. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் "மூவாயிரம் குடுங்க, டேஷ்போர்டுல எரியிற லைட்டை அணைச்சுத் தர்றேன், பெல்ட்டு சும்மா சிக்கிக்கிட்டு இருக்கு, எடுத்து விட்டுடலாம்"ங்கிறாரு. அம்மா பக்கத்துப் பெல்ட் பாதி வரைக்கும் வருது, திரும்ப உள்ள போக மாட்டேங்குது.

ரெண்டாவது அம்மா. "பெல்ட்டுதான் என் எலும்பை ஒடிச்சுது, இனிமே செத்தாலும் போட மாட்டேன்"னு ஒரே பிடிவாதம். ஏற்கெனவே அவங்களுக்குப் பெல்ட்டுன்னா ஆகாது. நெஞ்சை அழுத்துதுன்னு, தூண்ல பெல்ட் நுழைஞ்சு வர்ற மேல வளையம் பக்கத்துல துணி காயப்போடுற க்ளிப் ஒண்ணை மாட்டி நாலு விரக்கடை தளர்வா வெச்சுப்பாங்க. அன்னிக்குப் பட்டுப்புடவை கசங்கும்னு துண்டையும் மடிச்சு உள்ள வெச்சிருந்தாங்க. க்ளிப் ரெண்டா உடைஞ்சு பின் சீட்டுக்கு அடியில கிடந்துச்சு.

அம்மாவுக்கு என்ன சொல்றது, சர்வேயருக்கு என்ன சொல்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹைவே ராஜா:

முதல்ல ஏர்பேக் ஏன் திறக்கலைன்னு கம்பெனிக்காரனைச் சட்டையைப் பிடிச்சுக் கேளுங்க நண்பா. பெல்ட்டை அப்புறம் பார்த்துக்கலாம். நான் பதினஞ்சு வருஷமா ஓட்டுறேன், பெல்ட் இடத்துல கொக்கி மட்டும் சொருகி வெச்சிருக்கேன், பெல்ட் போடச் சொல்லிக் கத்துற சத்தமும் வராது. ஏர்பேக் ஆறு இருக்கு, அது போதும். அம்மா சொல்றதுல தப்பே இல்லை. வயசானவங்க எலும்பு அந்த இறுக்கத்தைத் தாங்காது.

டிங்கர் தம்பி:

காவிரிக்கரையான் அண்ணே, அந்த மூவாயிரம் ரூபா வேலை என்னன்னு எனக்குத் தெரியும். நானும் பாடி ஷாப்லதான் இருக்கேன். இடிச்சதும் பெல்ட்டை இறுக்க உள்ள மருந்து வெடிச்சுதே, அந்தப் பெல்ட்டோட கனெக்டரைக் கழட்டிட்டு அந்த இடத்துல ரெண்டு ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை வெச்சுடுவாங்க. பத்து ரூபா கூட ஆகாது. கன்ட்ரோல் யூனிட் வயர்ல கரண்ட் விட்டுப் பார்க்கும், ரெண்டு ஓம் வருது, "சரி, பெல்ட் நல்லா இருக்கு"ன்னு நினைச்சு லைட்டை அணைச்சுடும். அடுத்த தடவை இடிச்சா அந்த ரெசிஸ்டர்தான் சூடாகும். அம்மா முன்னாடி போய்க்கிட்டே இருப்பாங்க.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். சாவியைத் திருப்பினதும் ஏர்பேக் லைட் சில நொடி எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா யாரோ அந்த லைட்டுக்கே கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். இன்னொண்ணு, முன் சீட் ரெண்டுலயும் பக்கிள், அதான் பெல்ட்டைச் சொருகுற பூட்டு, ஒரே உயரத்துல இருக்கான்னு பாருங்க. சில வண்டியில அந்த மருந்து பக்கிளைத்தான் கீழே இழுக்கும், வெடிச்சுதுன்னா ஒரு பக்கம் மட்டும் குட்டையா நிக்கும்.

சர்வேயருக்கு வாயால பதில் சொல்லாதீங்க. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டு, கன்ட்ரோல் யூனிட்ல இருக்கிற எரர் கோட் எடுத்துப் பிரிண்ட் குடுக்கச் சொல்லுங்க. வெடிச்சது அதுல பதிவாகி இருக்கும். பெல்ட்டை முழுசா வெளியே இழுத்து, வளையத்துல உரசுற இடத்தை போட்டோ எடுங்க. துணி மேல மினுமினுன்னு உருகின மாதிரித் தடம் இருக்கும்.

நீங்களா ஸ்பேனர் எடுத்துட்டுப் போயிடாதீங்க. சீட்டுக்கு அடியில, தூணுக்குள்ள மஞ்சள் கனெக்டர் பார்த்தா கையை எடுத்துடணும். பேட்டரியைக் கழட்டிக் கொஞ்ச நேரம் விட்டுட்டுத்தான் நாங்களே தொடுவோம்.

ஷிஃப்ட் முடிஞ்சவன்:

இந்தக் கேள்வி என் கண்ணில் படாமல் போயிருந்தால் எனக்கே வருத்தமாக இருந்திருக்கும். இருபத்தாறு வருஷம் சீட் பெல்ட் செய்கிற இடத்தில் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருஷம் ரிட்ராக்டர் லைனில் தரச் சோதனை. பெல்ட் சுருண்டு போய் உட்காருமே, தூணுக்குள் இருக்கும் அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் ரிட்ராக்டர். இப்போது ரிட்டயர்டு ஆகி வீட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறேன்.

தம்பி, அந்தத் துணி க்ளிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் கேள்வியிலேயே முக்கியமான பொருள் அதுதான், நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள்.

கார் இடிக்கிறபோது மொத்தக் கதையும் பத்தில் ஒரு நொடியில் முடிந்துவிடும். கண் இமைக்கிற நேரம் கூடக் கிடையாது. வண்டியின் முன்பக்கம் நசுங்க ஆரம்பித்த கணத்திலேயே வண்டி நிற்க ஆரம்பித்துவிடுகிறது. உள்ளே இருக்கிற ஆள் இன்னும் நிற்க ஆரம்பிக்கவில்லை. அவர் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறார். பெல்ட் உடம்பில் பட்டுப் பிடித்த பிறகுதான் அவரும் நிற்கத் தொடங்குவார். நாலு விரக்கடை தளர்வு என்றால், அந்த நாலு விரக்கடையும் அம்மா சும்மா பறந்திருக்கிறார். நிற்பதற்குக் கிடைத்த நேரமே கொஞ்சம், அதில் ஒரு பங்கை க்ளிப்புக்கும் துண்டுக்கும் கொடுத்துவிட்டார்.

நீங்கள் சொல்கிற வேகம் நாற்பத்தைந்திலிருந்து பதினைந்தைக் கழித்து முப்பது. மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்றால் சைக்கிள் வேகம் போலத் தோன்றும். ஒரு மாடி வீட்டு மொட்டை மாடியிலிருந்து கீழே குதித்தால் தரையைத் தொடும்போது அந்த வேகம்தான் இருக்கும். அறுபது கிலோ ஆளை அந்த வேகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால் உடம்பின் மேல் சராசரியாக நானூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். அதே ஆள் டேஷ்போர்டில் மோதி ஐந்து சென்டிமீட்டரில் நின்றால் நாலு டன்னுக்கு மேல். அந்த அரை மீட்டர் எங்கிருந்து வருகிறது? பாதி பானெட் நசுங்குவதிலிருந்து. மீதி பெல்ட் கொடுக்கிறது. பெல்ட்டுக்கு வேலையே அதுதான், அந்த நானூறு கிலோவைத் தோள், மார்பு, இடுப்பு எலும்பு என்று பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது.

இனி "டப்" சத்தம். அதற்குப் பெயர் ப்ரீடென்ஷனர். மெர்சிடிஸ் காரில் 1981-இல் முதலில் வந்தது, இன்றைக்கு நம் ஊர்ச் சின்னக் கார்களிலும் இருக்கிறது. நாங்கள் செய்த வகையைச் சொல்கிறேன். ரிட்ராக்டர் பக்கத்தில் வளைந்த ஒரு இரும்புக் குழாய். அதற்குள் கோலிக்குண்டு போல உலோக உருண்டைகள் வரிசையாக அடைத்திருக்கும். குழாயின் ஒரு முனையில் சிட்டிகை அளவு வெடிமருந்து. கன்ட்ரோல் யூனிட் மின்சாரம் அனுப்பியதும் மருந்து பற்றி, வாயு உருண்டைகளைத் தள்ளும், உருண்டைகள் ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் பெல்ட் சுற்றிய உருளையைப் பின்பக்கமாகத் திருப்பும். பெல்ட் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் உள்ளே போய் ஆளைச் சீட்டோடு அணைத்துவிடும். எல்லாம் ஆயிரத்தில் பத்துப் பதினைந்து பங்கு நொடிக்குள். நீங்கள் முகர்ந்த தீபாவளி வாசனை அந்தச் சிட்டிகை மருந்துதான்.

அந்தப் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் எதற்கு? சேலை மடிப்பு, ஸ்வெட்டர், சாய்ந்து உட்கார்ந்த இடைவெளி, இதையெல்லாம் உறிஞ்சுவதற்கு. உங்கள் அம்மா விஷயத்தில் அது என்ன செய்திருக்கும் என்று என்னால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க முடிகிறது. பெல்ட் உள்ளே ஓடியிருக்கிறது, க்ளிப் வளையத்தில் போய் முட்டியிருக்கிறது, உடைந்து பின்னால் பறந்திருக்கிறது. கைவசம் இருந்த இழுப்பில் பெரும் பங்கு க்ளிப் வைத்த தளர்வை எடுப்பதற்கே செலவாகிவிட்டது. துண்டுக்கும் புடவைக்கும் மிச்சம் கொஞ்சம்தான். உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே கார், ஒரே வேகம், ஒரே பெல்ட். உங்களுக்குத் தோள் வலி, அவருக்கு விலா எலும்பு. வயது ஒரு காரணம், மறுக்கவில்லை. க்ளிப் இன்னொரு காரணம்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் மனைவிக்கு முழங்கால் வீங்கியது எதில் இடித்து? அம்மா உட்கார்ந்த சீட்டின் முதுகில். பின்னால் பெல்ட் போடாத ஆள் முன் சீட்டை ஆளோடு சேர்த்து முன்னால் தள்ளுவார். அம்மாவை முன்னாலிருந்து பெல்ட் பிடித்திருக்கிறது, பின்னாலிருந்து மருமகள் தள்ளியிருக்கிறார். பெல்ட் ஒருவரைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது, அன்றைக்கு ஒன்றரை ஆளைப் பிடித்தது.

உள்ளே இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது, அது வெளியே யாருக்கும் தெரியாது. பெல்ட் சுற்றுகிற உருளையின் நடுவில் ஒரு இரும்புத் தண்டு, சுண்டுவிரல் தடிமன். டார்ஷன் பார் என்போம். பெல்ட் பூட்டிய பிறகு ஆள் இழுக்கிற இழுப்பு ஒரு எல்லையைத் தாண்டினால், பொதுவாக நானூறு கிலோவிலிருந்து அறுநூறு கிலோவுக்குள் வைப்பார்கள், அந்தத் தண்டு ஈரத்துணி பிழிவது போல முறுக்கிக்கொள்ளும். முறுக்க முறுக்கப் பெல்ட் அளந்து அளந்து வெளியே வரும். அதாவது முதலில் இழுத்துக் கட்டு, பிறகு மார்பு நொறுங்காமல் கொஞ்சம் விட்டுக் கொடு. பழைய பெல்ட்டுகளில் இந்தத் தண்டு கிடையாது, அவை இழுத்த இழுப்புக்கு அப்படியே கெட்டியாக நின்றன. அம்மாவின் தண்டு முறுக்கியதா என்பது கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். லைனில் முறுக்கிய தண்டுகளைக் குறுக்கே வெட்டி வைத்திருப்போம், புதிதாக வருகிற பையன்களுக்குக் காட்ட. முறுக்கு ஜாங்கிரி மாதிரி இருக்கிறது என்று ஒருவன் சொன்னான், அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

ஆகவே சர்வேயருக்கு. பெல்ட் அறுந்தால்தான் கெட்டது என்று அவர் நினைக்கிறார். பெல்ட் துணி லேசில் அறுகிற ஜாதி இல்லை. பாலியஸ்டர் நெசவு, 46 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒன்றரை டன் இழுப்புக்குத் தாங்க வேண்டும் என்பது விதி. அறுகாமல் இருப்பது அதற்கு இயல்பு. ஆனால் உள்ளே மருந்து எரிந்துவிட்டது, உருண்டைகள் கீழே இறங்கிவிட்டன, திரும்ப ஏற்ற வழியே கிடையாது. பாதியில் சிக்கி நிற்பது அதனால்தான். அதை எண்ணெய் விட்டு எடுத்துவிடுவேன் என்கிறவரிடம், வெடித்த யானைவெடியை மறுபடி வெடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஹைவே ராஜா அவர்களுக்கு இரண்டு வரி. ஸ்டீயரிங் நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்து போட்டிருக்கிறதே, அதில் முதல் எஸ்ஸுக்குத் "துணையாக" என்று பொருள். பெல்ட்டுக்குத் துணை. ஏர்பேக் திறப்பதற்குள், அதற்கு முப்பது நாற்பது மில்லி நொடி ஆகும், பெல்ட் இல்லாத ஆள் ஏற்கெனவே முன்னால் வந்து அது விரிகிற இடத்தில் முகத்தை வைத்திருப்பார். அதன் வேகத்தை நான் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். என் முகத்தை அங்கே வைக்க மாட்டேன்.

காவிரிக்கரையான்:

ஐயா, கையெடுத்துக் கும்பிடுறேன். மனைவிகிட்ட மூணாவது காரணத்தைப் படிச்சுக் காட்டினேன். நீங்க சொன்ன மாதிரியே சண்டை வந்துச்சு. அப்புறம் அவங்களே பின் சீட் பெல்ட்டைத் தேடினாங்க, வாங்கின நாள்லேருந்து பக்கிள் சீட் இடுக்குல புதைஞ்சு கிடந்துச்சு.

ஒரு சந்தேகம். ஏர்பேக் ஏன் திறக்கலை? பெல்ட்டுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? இன்னொண்ணு, ஏற்காடு போனப்ப சரிவுல நிறுத்தியிருந்த வண்டியில பெல்ட் வெளியவே வரலை. அப்பவே இது ரிப்பேரா இருந்திருக்குமோ?

ஷிஃப்ட் முடிஞ்சவன்:

ஏற்காட்டில் பெல்ட் சரியாக இருந்ததால்தான் வரவில்லை! இந்தப் புகார் வாராவாரம் எங்களுக்கு வரும். ரிட்ராக்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரும்பு உருண்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். வண்டி திடீரென்று வேகம் குறைந்தால் உருண்டை கிண்ணத்தின் விளிம்பில் ஏறி, மேலே இருக்கிற நாக்கைத் தூக்கும், நாக்கு பல்சக்கரத்தில் மாட்டிப் பூட்டிவிடும். வண்டி சரிந்து நின்றாலும் உருண்டைக்கு அதே கதைதான். ஐ.நா. வாகன விதி எண் 16 இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. 12 டிகிரி வரை சரித்தால் பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு ரிட்ராக்டரையும் மேடையில் வைத்துச் சரித்துப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவோம். அதிலேயே என் ஒன்பது வருஷம் போயிற்று.

இன்னொரு பூட்டும் உண்டு. பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் பிடிக்கிறதே, அது உருண்டை இல்லை, உருளையோடு சுற்றுகிற ஒரு தட்டு. மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்றால் நிற்கும். இந்த இரண்டு பூட்டுக்கும் கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். பேட்டரி செத்த காரிலும் வேலை செய்யும்.

ஏர்பேக் விஷயத்தில் கம்பெனிக்காரன் சட்டை பிழைக்கட்டும். பெல்ட்டை இழுக்கச் சின்ன இடி போதும், ஏர்பேக் திறக்க அதைவிடப் பெரிய இடி வேண்டும், கன்ட்ரோல் யூனிட்டில் அப்படித்தான் வைத்திருப்பார்கள். சின்ன இடியில் பெல்ட் தனியாகவே சமாளித்துவிடும் என்றால் முகத்தில் பையை வெடிக்க வேண்டிய அவசியம் என்ன? அதோடு நீங்கள் இடித்தது சுவர் இல்லை, கரும்புக் கட்டு. அதுவும் பம்பருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மெத்தென்று வாங்கி, மெல்ல நிறுத்தியிருக்கிறது. ஆலைக்குப் போகிற கரும்பு உங்களுக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, பின் விளக்கு இல்லாததை மன்னிக்க முடியாது, அது வேறு.

இப்படி மூன்று இடத்தில் மாட்டுகிற பெல்ட்டை 1959-இல் வோல்வோவுக்காக வடிவமைத்தவர் நீல்ஸ் போலின். அதற்கு முன்னால் சாப் கம்பெனியில் போர் விமானத்துக்கு இருக்கை செய்துகொண்டிருந்தார், ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியுமே, அந்த இருக்கை. ஆளை வெளியே எறிகிற வேலையை விட்டுவிட்டு உள்ளேயே பிடித்து வைக்கிற வேலைக்கு வந்தார். வோல்வோவும் அந்தக் காப்புரிமையை மற்றக் கம்பெனிகள் பயன்படுத்திக்கொள்ளத் திறந்துவிட்டது. ஒரு கையால் மாட்டவும் கழற்றவும் முடியணும் என்பது அவருடைய பிடிவாதம். லைனில் எங்களுக்கும் பக்கிள் பொத்தான் ஆறு கிலோ அழுத்தத்துக்குள் திறந்தாக வேண்டும். "பெல்ட் போட்டால் மாட்டிக்கொள்வேன்" என்பவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

பையனைப் படுக்க வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். ஆறு வயதுக்குப் பூஸ்டர் சீட் வாங்குங்கள். பெரியவர்கள் பெல்ட் அவன் கழுத்தில் ஏறும், அடிப்பட்டை வயிற்றில் ஏறும், இரண்டும் ஆகாது.

வார்டு அக்கா:

நான் மதுரையில விபத்துப் பிரிவுல நர்ஸ். தம்பி, அம்மா பத்தி யாருமே கேக்கலையே, அதான் எழுதுறேன்.

அந்தப் பூணூல் தடத்தை நாங்க வந்த உடனே தேடுவோம். அது இருந்தா "பெல்ட் போட்டவங்க"ன்னு அர்த்தம். அதோட சேர்த்து உள்ளே என்னன்னு பார்க்கணும்னும் அர்த்தம். மார்புல பட்டை இருந்தா எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. பார்ப்பாங்க. அடிவயித்துல குறுக்கால பட்டை இருந்தா எங்களுக்குப் பயம் கூடுதல், ஏன்னா குடல்ல அடிபட்டிருந்தா மறுநாள், அதுக்கு மறுநாள்தான் வெளியே தெரியும். உங்க அம்மாவுக்கு மூணு வாரம் ஆயிட்டதால அந்தக் கண்டம் தாண்டியாச்சு. ஆனா இனிமே பெல்ட் போடுறப்ப கீழ்ப்பட்டை வயித்து மேல இல்லாம தொடை ஆரம்பிக்கிற இடத்துல, இடுப்பெலும்பு மேல படியணும். புடவை கட்டினவங்களுக்குக் கொசுவத்துக்குக் கீழேன்னு சொல்லுங்க, உடனே புரியும். மேல்பட்டை தோள் நடுவுல. கழுத்தை அறுக்குதுன்னா தூண்ல இருக்கிற வளையத்தைக் கீழே இறக்க முடியுமான்னு பாருங்க, நிறைய வண்டியில முடியும். அதுக்குத்தான் அது இருக்கு, துணி க்ளிப் எதுக்கு?

விலா எலும்புல விரிசல்னா கட்டு கிடையாது. வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமா விட்டா சளி கட்டி நிமோனியா வந்துடும், வயசானவங்களுக்கு அதுதான் வம்பு. மூணு உருண்டை இருக்கிற பிளாஸ்டிக் கருவி குடுத்திருப்பாங்க. முக்கால்வாசிப் பேர் அதை ஊதுறாங்க. ஊதக் கூடாது, உறிஞ்சணும். இருமல் வந்தா தலைகாணியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமச் சொல்லுங்க.

ஹைவே ராஜா தம்பிக்கு ஒண்ணு. 2022-ல பெல்ட் போடாம இந்தியாவுல செத்தவங்க 16,715 பேர்னு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குக் குடுத்திருக்கு. அதுல ஓட்டினவங்க பாதி, கூட வந்தவங்க பாதி. அதே வருஷம் செப்டம்பர்ல டாடா குழுமத்தோட முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவுல பால்கர் பக்கம் விபத்துல இறந்தாரே, அவர் பெல்ட் இல்லாம உக்காந்திருந்தது பின் சீட்டு. நீங்க சொருகி வெச்சிருக்கிற கொக்கியை 2023-ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகள்லேருந்து எடுக்கச் சொன்னப்ப 13,118 பட்டியல் நீங்கிச்சு. இவ்வளவு பேர் விக்கிறாங்கன்னா எவ்வளவு பேர் வாங்கியிருக்காங்க! மாட்டுக்குக் கூட மூக்கணாங்கயித்தை ஏமாத்தத் தெரியாது, நாமதான் காசு குடுத்து நம்மளையே ஏமாத்திக்கிறோம்.

ஹைவே ராஜா:

அக்கா, திட்டினது போதும். கொக்கியைக் கழட்டிட்டேன். ஆனா பெல்ட் போடச் சொல்லிக் கத்துற அந்தச் சத்தம் உயிரை எடுக்குது.

டிங்கர் தம்பி:

பெல்ட் போட்டா நின்னுடும் அண்ணே. ஆயிரம் ரூபா ஃபைனும் மிச்சம்.

காவிரிக்கரையான்:

ஆறு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன், மன்னிக்கணும்.

டிங்கர் தம்பி சொன்ன மாதிரி ஸ்கேன் பிரிண்டையும், வளையத்துக்கிட்ட உருகின தடத்தோட போட்டோவையும் குடுத்தேன். சர்வேயர் ரெண்டு நாள் யோசிச்சுட்டு, பெல்ட் ரெண்டுக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் ஒத்துக்கிட்டாரு. கையிலேருந்து நாலாயிரத்துச் சொச்சம் போச்சு. பையனுக்குப் பூஸ்டர் வந்தாச்சு. இப்ப ஜன்னல் தெரியுதுன்னு அவனுக்கு ஒரே குஷி.

அம்மாகிட்ட நான் எதுவும் வாதாடலை. ஐயா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன், க்ளிப் வந்த இடத்துல ரெண்டு தடவை நிறுத்தச் சொன்னாங்க. வண்டி வந்த அன்னிக்கு முன் சீட்டுல உக்காந்து வெடுக்குனு இழுத்தாங்க, நின்னுச்சு. மெதுவா இழுத்தாங்க, வந்துச்சு. அப்படியே பத்துத் தடவை. "இதைத்தான் ஒன்பது வருஷம் பார்த்தாராடா அந்த மனுஷன்?"னு கேட்டாங்க. கொசுவத்துக்குக் கீழே சரியாப் படிய வெச்சுக்கிட்டாங்க. வளையத்தை ஒரு படி இறக்கினேன்.

பழைய பெல்ட் ரெண்டையும் சாக்குல போட்டுக் குடுத்துட்டாங்க. வீட்டுல வெச்சிருந்தா ஆபத்தா ஐயா? காயலான் கடைக்குப் போடலாமா?

ஷிஃப்ட் முடிஞ்சவன்:

இரண்டும் வெடித்து முடிந்தவை, ஆபத்தில்லை. வெடிக்காதது என்றால் வீட்டுக்குள்ளேயே கொண்டு வரக் கூடாது, சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிட வேண்டும். காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் துணியை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் துடைத்துப் பாலிஷ் போட்டு யாராவது இன்னொரு வண்டியில் மாட்டிவிடுவார்கள்.

காவிரிக்கரையான்:

வெட்டியாச்சு ஐயா. என் கத்தரிக்கோல் ரெண்டு நூலுக்கு மேல போகலை. அம்மாதான் "தள்ளு"ன்னு வாங்கி, அரிவாள்மணையில வெச்சு வாழைப்பூ நறுக்குற மாதிரி நாலு துண்டாப் போட்டாங்க. நெஞ்சு வலிக்கலையான்னு கேட்டேன், இல்லைன்னுட்டாங்க.